கப்பல்காரர் கேட்ட கேள்வி

எழுபதுகளில் கூடூர் பாசஞ்சரில் என் எதிரே உட்கார்ந்து வந்தவர் கப்பலில் வேலை பார்ப்பவர். வெயிலில் காய்ந்த முகம், புதுச் சட்டை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பெட்டியோடு எழுந்திருப்பார், பிறகு உட்கார்ந்துவிடுவார்.

"எங்க இறங்கணும்?" என்றேன்.

"கும்முடிப்பூண்டி ஸார். சம்சாரம் காத்துக்கினு இருக்குது."

பொன்னேரி தாண்டியதும் குரலைத் தாழ்த்தினார். "ஜெர்மனில ரத்தம் டெஸ்ட் பண்ணாங்க. மேகநோயாம், கண்ட பொம்பள சகவாசத்துல வர்றது. ஊசி போட்டு எனக்கு செரியாப் பூட்ச்சு. போன லீவுலயே இருந்திருக்கும், சம்சாரத்துக்கும் டெஸ்ட் பண்ணுன்னு டாக்டர் சொல்ட்டாரு. அவ இப்ப முழுகாம வேற இருக்கா."

"சொல்லித்தானே ஆகணும்?"

"சொன்னா உட்டுட்டுப் பூடுவா. சொல்லலன்னா அவளும் கொழந்தையும் கஷ்டப்படும். நீங்களா இருந்தா இன்னா ஸார் பண்ணுவீங்க?"

அதற்குள் வண்டி வேகம் குறைந்தது; அவர் பெட்டியோடு எழுந்தார்.

கும்மிடிப்பூண்டியில் நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் சிரித்தபடி வந்தாள். அவர் இறங்கினார். அவளை பிளாட்பார பெஞ்சில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு பேசத் தொடங்கினார். வண்டி நகரும்போது அவள் சிரிப்பு நின்றிருந்தது.

அப்புறம் அவள் என்ன செய்தாளோ, எனக்குத் தெரியாது. வீடு போய்ச் சேரும்வரைகூட அந்த மனிதர் அதைத் தள்ளிப்போடவில்லை என்பது மட்டும் தெரியும்.