விளம்பர நேரத்தில் பேசியவை

என் தம்பி மாசிலாமணி சாந்தோம் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவன். படகு கரையேறி, கூடை மணலில் கவிழ்ந்ததும், சுற்றி நிற்கும் வியாபாரிகளுக்கு நடுவில் நின்று விலையை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அலை இரைச்சலுக்கு மேலே அவன் குரல் நிற்கும். கடைசி வரிசையில் நிற்கிற பெண்ணுக்கும் கேட்கும், ஆனால் கத்துகிற மாதிரி இருக்காது. அவன் ஏலம் கூறிய இடத்தில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. மற்ற ஏலக்காரர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. நான் அவனுக்கு ஆறு வயது மூத்தவள், எதிர் வீட்டில் இருக்கிறேன். அவனைப் பற்றி எழுதினால் கொஞ்சம் உயர்த்தித்தான் எழுதுவேன். இல்லாததை எழுத மாட்டேன்.

அவன் மனைவி தேசம்மா லூப் ரோட்டில் பலகை போட்டு மீன் விற்கிறாள். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில், அடையாறில் இருந்து வந்து அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் ஒரு வீட்டம்மா, தங்களுக்குப் புது டிவி வந்ததும் பழையதை இவர்களுக்குக் கொடுத்துவிட்டார். படம் பளிச்சென்று தெரிந்தது. சத்தம்தான் வரவில்லை. ரிப்பேர் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"படம் தெரியுதில்ல? வசனத்த நான் பாத்துக்கறேன்" என்றான் மாசிலாமணி.

அப்படி ஆரம்பித்ததுதான். ஞாயிற்றுக்கிழமை மீனுக்குக் கூட்டம் அதிகம். அது ஓய்ந்து, பலகையைக் கழுவிச் சாய்த்து, குளித்துச் சாப்பிட்ட பிறகு இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்ப்பார்கள். ஆண், பெண், கிழவர், போலீஸ் என்று எல்லோருக்கும் இவன் பேசுவான். அழுகிற வேடம் வந்தால் மட்டும் தேசம்மா எடுத்துக்கொள்வாள். பிறகு அந்த டிவி போய், மகள் ஜாஸ்மின் வேலைக்குப் போனதும் நல்ல டிவி வாங்கிக் கொடுத்தாள். அதில் வேண்டிய படத்தை நெட்டில் எடுத்துப் போடலாம், சத்தமும் நன்றாக வரும். இவர்கள் அதை நிறுத்திவிட்டுத்தான் படம் பார்த்தார்கள்.

அவர்களுக்கு மிகவும் பிடித்த படத்துக்கு வீட்டில் ஜமீன்தார் படம் என்று பெயர். ஜமீன்தார் மீசையை முறுக்கியபடி மாடிப்படியில் இறங்கி வருவார். கீழே கதாநாயகியின் தாய் கைகூப்பி நிற்பாள்.

"இன்னா கெய்வி, வஞ்சிரம் எவ்ளோ?" என்பான் இவன், அடித்தொண்டையில்.

"ஐயா, சத்தியமா அது வஞ்சிரமே இல்லீங்க, சீலா!" தேசம்மா மூக்கை உறிஞ்சுவாள்.

"சீலாவ வஞ்சிரம்னு எங்கிட்டயே வித்துட்டியா? யார்ரா அங்க, இவள புட்சி லூப் ரோட்டாண்ட கட்டுங்கடா!"

கதாநாயகி ஓடி வந்து கதாநாயகன் தோளில் விழுவாள். இவன் குரல் உடனே ஊசி மாதிரி ஆகிவிடும். "அத்தான், மொட்டமாடில காயவெச்ச கருவாட்ட காக்கா தூக்கினு பூட்ச்சி அத்தான்!" கதாநாயகன் வானத்தைப் பார்த்துக் கலங்குவான். "அழாத கண்ணு. காக்காவுக்கும் குடும்பம் கீது."

ஜமீன்தாரின் குதிரை தலையை ஆட்டினால் அதற்கும் வசனம் உண்டு. குதிரைக்குச் சம்பள பாக்கி. தேசம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "யோவ், போதும்யா, செத்துப் பூடுவேன்" என்பாள். நடுவில் விளம்பரம் வந்தால்தான் அவன் நிறுத்துவான். அப்போது தன் குரலுக்குத் திரும்பித் தண்ணீர் கேட்பான், என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்பான், மறுநாள் எந்தப் படகு போகிறது என்று சொல்வான். விளம்பரம் முடிந்ததும் மறுபடி ஜமீன்தார்.

போன வருடம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிய சமயத்தில் அவன் குரல் கரகரத்தது. ஏலத்தால் வந்தது என்று சுக்கும் பனங்கல்கண்டும் குடித்தான். சரியாகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, குரல்வளையில் புற்றுநோய், அதை எடுத்துவிட்டால்தான் உயிர் தங்கும் என்றார்கள். எடுத்தால் குரல் வராது. தேசம்மாவோடு நானும் போயிருந்தேன். வெளியே வந்தபின் அங்கிருந்த நர்ஸ், "ஆபரேஷனுக்கு முன்னாடி அவர் பேசறத போன்ல பதிவு பண்ணி வெச்சுக்கங்கம்மா. அப்புறம் வேணும்னாலும் கிடைக்காது" என்றார்.

அதை மட்டும் அவள் பிடித்துக்கொண்டாள். அவன் பிழைப்பான் என்று நம்பினாள். குரல்தான் போய்விடும், அதை எப்படியாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே என்னிடம் சொன்னாள். ஜாஸ்மினுக்குப் போன் போட்டு, பதிவு செய்வது எப்படி, நடுவில் நிறுத்தி மறுபடி தொடங்குவது எப்படி என்று கற்றுக்கொண்டாள்.

ஆபரேஷனுக்கு முந்தைய ஞாயிறு நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். மடியில் முறம் வைத்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தேன். தேசம்மா போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இன்னா பேசறது?"

"எதுனா பேசுய்யா."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். "வணக்கம். என் பேரு மாசிலாமணி. சாந்தோம்."

"ரேஷன் கடையில பேசறா மாரி கீது" என்று சொல்லி அவள் அதை அழித்துவிட்டாள். "ஜமீன்தார் படம் போடறேன். அத்தப் பேசு."

அவனுக்கு அதுதான் வந்தது. அன்றைக்குப் பேசியது போல் அவன் என்றைக்கும் பேசியதில்லை. கரகரத்த தொண்டையில் ஜமீன்தார் இன்னும் நன்றாக வந்தார். குதிரை வேலைநிறுத்தம் செய்தது. தேசம்மா அழுகிற வேடத்தைக்கூட அவனிடமே விட்டுவிட்டாள், அவன் குரல் கூடுதலாகக் கிடைக்குமே என்று. விளம்பரம் வந்ததும் பதிவை நிறுத்தினாள். "வெட்டிப் பேச்சுல போன்ல எடம் ரொம்பிடும்" என்றாள். எனக்கும் அது சரியென்றே பட்டது.

முதல் விளம்பரத்தில் அவன் சுடுதண்ணீர் கேட்டான். அடுத்ததில் என்னைப் பார்த்து, "யக்கா, நெத்திலி தலைய ஒயுங்கா கிள்ளு, மண்ணு கடிக்கும்" என்றான். கடைசி விளம்பரம் நீளமானது. அவன் திரையைப் பார்த்தபடியே, "தேசு, அதுக்கப்புறம் உன்ன நான் எப்டி கூப்புடுவேன்?" என்று கேட்டான்.

"கைய தட்டு, வரேன்."

"நாய கூப்புடறா மாரியா?"

"இப்போ மட்டும் இன்னா, ராணிய கூப்புடறா மாரியா கூப்புட்ற?"

இருவரும் சிரித்தார்கள். விளம்பரம் முடிந்தது. அவள் போனை எடுத்து மறுபடி பட்டனை அழுத்தினாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். இப்போது அவன் கழுத்தில் உள்ள துளை வழியாகத்தான் மூச்சு விடுகிறான். தாடைக்குக் கீழே வைத்துப் பேசும் ஒரு கருவியைக் காட்டினார்கள். அதை வைத்து அவன் ஒரு வார்த்தை சொன்னதும், அதிலிருந்து வந்த இயந்திரச் சத்தத்தைக் கேட்டுவிட்டு மேஜைமேல் வைத்துவிட்டான். பிறகு தொடவில்லை. கரையில் வேறொருவன் ஏலம் கூறுகிறான். அந்த நேரத்தில் என் தம்பி தேசம்மாவின் பலகைக்குப் பின்னால், கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து செதில் தேய்க்கிறான்.

அவன் வீடு திரும்பிச் சில வாரம் கழித்து, அவன் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மாலை, தேசம்மா போனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அதுவரை அதை அவள் திறக்கவில்லை. தீர்ந்துபோகிற பண்டம் மாதிரி வைத்திருந்தாள். ஜமீன்தார் பேச ஆரம்பித்ததும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. காக்கா கருவாட்டைத் தூக்கியது. குதிரை சம்பளம் கேட்டது. பாதியில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. பதிவை முன்னே தள்ளித் தள்ளிக் கேட்டாள். ஜமீன்தார், கதாநாயகி, கிழவி, இன்ஸ்பெக்டர். மறுபடி ஜமீன்தார்.

"அண்ணி, இதுல அவரு எங்க கீறாரு?"

விளம்பரம் வரும்போதெல்லாம் அவள் பதிவை நிறுத்தியது எனக்கு அதற்குள் ஞாபகம் வந்திருந்தது.

அதன்பின் தேடினாள். ஜாஸ்மின் கல்யாண வீடியோவில் அவன் ஒவ்வொரு மேஜையாகப் போய் எல்லோரிடமும் பேசுகிறான். வீடியோக்காரர் அதன்மேல் முழுக்கப் பாட்டுப் போட்டிருந்தார். கரையில் ஒருவர் ஏலத்தைப் படம் பிடித்து வைத்திருந்தார். அதில் காற்று போனுக்குள் புகுந்து இரைகிறது. கேட்கிற நாலு வார்த்தையும் ஏலக் குரலில். அந்தக் குரலில் அவன் வீட்டில் பேசியதே இல்லை. ஜாஸ்மினுக்கு அவன் குரல் செய்தி எதுவும் அனுப்பியதில்லை. "போனப் போட்டா பேசிட்டுப் போறோம், அதுல தனியா இன்னா பேசறது" என்பான்.

எல்லா இடமும் தேடி முடித்து ஒரு நாள் என்னிடம் வந்தாள்.

"நீதான் எல்லாத்தையும் ஒயுங்கா ஞாபகம் வெச்சிருப்ப. விளம்பரத்துல இன்னா பேசினாரு? சொல்லு அண்ணி."

சுடுதண்ணீர் கேட்டது, நெத்திலித் தலை, எப்படிக் கூப்பிடுவேன் என்று கேட்டது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"அவரு சொல்றா மாரி சொல்லேன்."

முயன்றேன். எனக்கு வரவில்லை. எங்கள் குடும்பத்தில் இன்னொருவர் குரலில் பேசத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவள் "பரவால்ல, வுடு அண்ணி" என்று எழுந்துபோனாள்.

போன ஞாயிறு மதியம் அவள்தான் ஜமீன்தார் படத்தைப் போட்டாள். வழக்கம்போல் சத்தத்தை நிறுத்தினாள். நான் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஜமீன்தார் படியிறங்கினார். தேசம்மா தொண்டையைத் தாழ்த்தி, "இன்னா கெய்வி, வஞ்சிரம் எவ்ளோ?" என்றாள். நன்றாகத்தான் சொன்னாள். கிழவி கைகூப்பி நின்றாள். அவளுக்கும் தேசம்மாவேதான் பேச வேண்டும். "ஐயா, சத்தியமா" என்று தொடங்கியவளுக்கு மேலே வரவில்லை. திரையில் எல்லோரும் வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாசிலாமணி கை நீட்டி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை வைத்தான்.

ஜமீன்தாரின் நிஜக் குரலை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டோம். மெல்லிய, மூக்கால் பேசுகிற குரல். கிழவி, தன் மகனுக்கு உடம்பு சரியில்லை என்று மருந்துக்காக அழுதுகொண்டிருந்தாள். இத்தனை வருடம் பார்த்தும் எங்களுக்கு அது தெரியாது.

"இவன் கொரலு நல்லாவே இல்ல" என்றாள் தேசம்மா, முகத்தைத் திருப்பாமல்.

என் தம்பியின் தோள் குலுங்கியது. கழுத்துத் துளையில் காற்று விட்டுவிட்டு வந்தது. சிரிக்கிறானா, அழுகிறானா என்று நான் எட்டிப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பிறகு இருவரும் திரும்பிக்கொண்டோம்.

படம் சத்தத்தோடு ஓடியது. நடுவில் விளம்பரம் வந்தது. அவன் பழக்கத்தில் தேசம்மா பக்கம் திரும்பி வாயைத் திறந்தான். அவள் எழுந்து போய்ச் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் கேட்க வந்தது அதுவா, வேறா, எங்களுக்குத் தெரியாது. விளம்பரம் முடிகிறவரை மூன்று பேரும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.