எடுப்பதா, விட்டுவைப்பதா: சினைப்பைக் கட்டியும் நானும்

முதல் அறிகுறி பாவாடை நாடா. வழக்கமான முடிச்சு ஒரு விரலளவு பின்வாங்கியது. ஐம்பதைத் தாண்டியவளுக்கு வயிறு பெருப்பது செய்தியே அல்ல என்று அரிசி பருப்பு சாதத்தில் நெய்யைக் குறைத்தேன். வயிறு குறையவில்லை. அடிவயிற்றில் இடப்பக்கம் ஒரு கனம் இருந்துகொண்டே இருந்தது. மாதவிலக்கும் அப்போது வருவேனா மாட்டேனா என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்ததால், பழியை அதன்மேல் போட்டேன்.

ஸ்கேன் அறையில், சூலூர் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே கருவியை நகர்த்திய மருத்துவர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். நோயாளிக்கு அறிக்கை தேவையில்லை. பேச்சு நிற்கும் இடம் போதும்.

இடது சினைப்பையில் (கருமுட்டை உருவாகும் உறுப்பு) நீர்க்கட்டி. ஆறு சென்டிமீட்டர். சிஏ 125 (சந்தேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் ரத்தப் பரிசோதனை) சரியாகவே இருந்தது. சாதாரணக் கட்டி என்றார் மகளிர் நல மருத்துவர்.

என் கணவர் லேத் பட்டறை வைத்திருப்பவர். "ஏனுங்க டாக்டர், ஆறு சென்டிமீட்டருங்கறது வெளிவிட்டமுங்களா, உள்விட்டமுங்களா?" என்றார்.

"வெளிவிட்டமுங்க. உள்ள வெறும் தண்ணிதானுங்க."

அவர் முகம் தெளிந்தது. எனக்குத் தெளியவில்லை.

"எடுத்தாலும் தப்பில்லீங்க, விட்டு வெச்சுப் பாத்தாலும் தப்பில்லீங்க. ஊட்டுல பேசிட்டு வாங்க" என்று மருத்துவர் முடித்துக்கொண்டார். ரவிக்கைக்கு அளவெடுக்கும் தையற்காரர்கூட இதைவிடத் தெளிவாக ஒரு வழி சொல்வார்.

வீட்டில் பேசினோம். கணவரின் அக்கா ஈரோட்டில் இருக்கிறார். நாத்தனாரை எங்கள் பக்கம் நங்கை என்போம். அவர் பேச்சோடு நிற்காமல் குலதெய்வக் கோயிலுக்குப் பூக் கேட்கப் போய்விட்டார். கல்யாணமோ கிணறு வெட்டோ, எங்களவர்கள் பூக் கேட்காமல் தொடங்குவதில்லை. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமிமுன் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம்.

இதையெல்லாம் கேலி செய்கிறவள் நான். ஆனால் நங்கையின் அழைப்பு வந்தபோது அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துதான் கேட்டேன்.

"வெள்ளை வந்திருக்குது கண்ணு."

"அப்ப எடுத்துப்போடலாங்களா நங்கை?"



"அதையெங்க நான் கேட்டேன்? நீ நல்லாருப்பியான்னு கேட்டேன்."

"கத்தி வெக்கலாமா வேண்டாமான்னு கேக்கத்தானுங்களே போனீங்க?"

"போனேன். அங்க போய் நின்னா வாய் வரல. செவப்பு வந்துபோட்டா நான் என்ன பண்றது, சொல்லு."

இரண்டு பேரும் சிரித்தோம். போனை வைத்தபின் எனக்குச் சிரிப்பு நின்றது. நான் மட்டும் என்ன கேட்டேன்? பப்பாளி சாப்பிடலாமா, பஸ்ஸில் போகலாமா, தண்ணீர்க்குடம் தூக்கலாமா. கேட்க வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் கேட்டிருந்தேன். அந்தச் சொல்லை உரக்கச் சொன்னால் கட்டியின் காதில் விழுந்துவிடும் என்று பயந்தேன் போல.

அடுத்த முறை நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டுவிட்டேன். "இது புற்றுநோயா டாக்டர்?"

"இல்லைன்னுதான் நெனைக்கறேனுங்க. சுவர் மெலிசா இருக்கு, உள்ள கெட்டியா எதுவுமில்ல, ரத்தமும் சரி. நூத்துக்கு நூறு வேணும்னா எடுத்துப் பரிசோதிச்சாத்தான் சொல்ல முடியும்."

"எடுத்தா?"

"உங்க வயசுல அந்தச் சினைப்பையோட சேத்தித்தான் பெரும்பாலும் எடுப்போம். பின்னால தொந்தரவு வேண்டாம்னு ரெண்டு பக்கமும் எடுத்துட்டா மாதவிலக்கு ஒரேடியா நின்னுரும். உடம்பெல்லாம் அனலடிக்கறது, தூக்கமில்லாம போறது எல்லாம் ஒண்ணா வரும். மயக்க மருந்துக்குன்னும் ஒரு ஆபத்து இருக்குதுங்க. விட்டு வெச்சா, சொல்ற மாசத்துல ஸ்கேனுக்கு வரோணும். பெருசானா, உருவம் மாறினா, எடுத்தே ஆகோணும். திடீர்னு தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தா கட்டி முறுக்கிட்டிருக்கலாம். அப்ப உடனே ஓடி வந்தரோணும்."

எதை இழந்தால் தாங்குவேன், ஓர் உறுப்பையா, நிம்மதியையா? அதைச் சொல்ல எந்த ஸ்கேனும் இல்லை. நான் விட்டு வைக்கிறேன் என்றேன். இதே நிலையில் இருப்பவர்கள் என் முடிவை எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கட்டியின் உருவம் வேறாக இருக்கலாம். கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விட்டு வைத்ததைத் துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். வாயுப் பிடிப்பெல்லாம் எனக்கு முறுக்காகத் தெரிந்தது. ஒருமுறை மாற்றுத்துணியோடு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, பெரிய ஏப்பம் ஒன்று வந்தபின் இறங்கிக்கொண்டேன். ஓட்டுநர் எதுவும் கேட்கவில்லை. கோயம்புத்தூர்க்காரர்.

அடுத்த ஸ்கேனில் கட்டி அதே அளவு. வளரவில்லை, கரையவும் இல்லை. முன்பு மாதத்தை உடம்பே எண்ணிச் சொல்லும். இப்போது ஒரு ஸ்கேனுக்கும் மறு ஸ்கேனுக்கும் நடுவில் கிடப்பதுதான் காலம் என்றாகிவிட்டது. பட்டுச்சேலைக்கு ரவிக்கை தைக்கக் கொடுப்பதைக்கூட அடுத்த ஸ்கேனுக்கு அப்புறம் என்று தள்ளி வைத்தேன்.

போன வாரம் நங்கை அழைத்தார். பேரனுக்குக் காதுகுத்து. "உன்ற ஸ்கேன் எப்பன்னு சொல்லு அம்மணி. அது முடியட்டும், அப்பறம் தேதி வெக்கறேன்."

"அதுக்கு முன்னாலயே வையுங்க நங்கை."

சொல்லிவிட்டேனே தவிர, கை தானாக இடப்பக்கம் போனது. வழக்கமாக அங்கே அழுத்தி அழுத்தித் தேடும். அன்று சும்மா கிடந்தது. பயமும் கட்டியும் அங்கேதான் இருந்தன. அவையும் வரட்டும், காதுகுத்துக்கு. கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரலாம்.