கரண்ட் வந்த பிறகு

கருமத்தம்பட்டியில் அப்பா விசைத்தறி ஓட்டினார். தொண்ணூறுகளின் கடைசியில் என் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டரில், ஒருநாள் காலை முழுக்க ஒற்றை விரலால் நூல் வியாபாரிக்குக் கடிதம் அடித்தார். அடிக்கடி சேவ் பண்ணச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். முடிக்கும் நேரத்தில் கரண்ட் போனது. அவர் நிதானமாக டீ குடித்தார். கரண்ட் போனால் தறி நிற்கும். வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

கரண்ட் வந்தது. திரையில் ஓர் எழுத்துகூட இல்லை.

"அடிச்சதெல்லாம் எங்க கண்ணு?"

"போயிருச்சுங்கப்பா. சேவ் பண்ணலீங்களே."

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நெய்ஞ்ச துணிய வெச்சுக்கன்னு தறிகிட்டச் சொல்லோணுமா?"

கடைசிவரை அவர் அந்த நாற்காலியில் உட்காரவேயில்லை.