அயனம்பாக்கத்துக் கேப்டன்

முழங்கை வரை மாவு ஒட்டியிருக்க, பாலிதீன் உறைக்குள் போட்ட ரிமோட்டை முழங்கை நுனியால் அழுத்தி, விண்வெளியை அப்படியே நிறுத்திவிட்டுத்தான் சாமுண்டீஸ்வரி திரும்பிப் பார்ப்பார். "இன்னா, ஒரு கிலோவா ரெண்டா? சீக்கிரம் சொல்லு தம்பி. கேப்டன் வெளிய மூச்சில்லாம நின்னுகினு கீறாரு."

அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய தெருவில் அவர் வீட்டு முன்னறைதான் மாவுக்கடை. அரிசி மூட்டைகளுக்கு மேலே சுவரில் டிவி. அதில் செய்தி ஓடியோ சீரியல் ஓடியோ நான் பார்த்ததில்லை. ஓடுவதெல்லாம் ‘எல்லை நிலையம்’ என்ற பழைய வெளிநாட்டுத் தொடர், தமிழ்க்குரலில். பூமியிலிருந்து வெகுதூரத்தில் ஒரு விண்வெளி நிலையம், அதைக் காக்கும் கேப்டன் ஹெல்டன், அட்டையில் செய்த கதவுகள். நான் வேலை பார்க்கும் ராட்டர்டாமில் அதன் ரசிகர்கள் வருடம் ஒருமுறை கூடுவார்கள், நானும் போவேன். விடுமுறைக்கு வந்த இடத்தில், அக்கா சுதாவின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, அதைக் கரைத்துக் குடித்த ஒருவர் இட்லி மாவு விற்கிறார் என்பதே எனக்கு முதல் அதிர்ச்சி.

அவருடைய கருத்துகளில் ஒன்றுகூட மெத்தென்று இருக்காது. காலப்பயணக் கதைகள் ஆகவே ஆகாது. "நேத்துக்குப் போயி தப்ப சரி பண்ணிடுவானாம். அப்ப நான் இன்னிக்கு வரைக்கும் பட்டதெல்லாம் இன்னாத்துக்கு?" அழுகிற ரோபோவைக் கண்டால் எரிச்சல். "துரு புடிக்கும்டான்னு ஒருத்தனும் சொல்லல பாரு." வேற்றுக்கிரகத்தவர் இறங்கியதும் துப்பாக்கியைத் தூக்கும் படம் என்றால் பாதியில் மாற்றிவிடுவார். "அம்மாந்தூரத்துலேந்து வந்துகீறான். ஒரு சொம்பு தண்ணி குடுத்து இன்னா சமாச்சாரம்னு கேக்கத் தெரியல இவனுங்களுக்கு." எல்லை நிலையத்தின் கதவுகள் ஆடுகின்றனவே என்று நான் ஒருநாள் சொன்னபோது, கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி முறைத்தார். "ஆடட்டும். உங்க ஊட்டுக் கதவு ஆடாதா? ஆளு பொழங்குற எடம்னா கதவு ஆடும்."

இதெல்லாம் சிரித்துக் கடக்கக்கூடியவை. கேப்டனைப் பற்றி அவர் சொன்னதுதான் என்னைக் கலங்கடித்தது. அவர் சொன்னபடி, தொடரின் நடுவில், உடைந்துகொண்டிருக்கும் நிலையத்தைக் காப்பாற்ற கேப்டன் வெளியே நின்று உயிரை விடுகிறார். அடுத்த பகுதியில் அதே கேப்டன் உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, சூடாக ஒரு டீ கேட்கிறார். அவர் மனைவியான டாக்டரம்மா உட்பட யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

"ஏன்னா வந்தவன் கேப்டன் இல்ல," என்றார் சாமுண்டீஸ்வரி, குரலைத் தாழ்த்தி. "அந்த நெலையமே செஞ்சி அனுப்பிச்ச ஆளு. செத்தவருக்கு நெத்தில தழும்பு கீது, வந்தவனுக்கு இல்ல. அல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாயத் தொறக்கல. பாவம், புதுசா வந்தவன் இன்னா பண்ணுவான்? கொஞ்சங்கொஞ்சமா மனுசனா ஆவறான். கடைசில அடிபட்டு அதே எடத்துல தழும்பு வாங்கறான் பாரு, அன்னிக்குத்தான் அவன் நெசமான கேப்டன்."

தொடரில் அப்படியொரு கதையே கிடையாது. போலி கேப்டன் என்று யாருமில்லை. கேப்டன் இறப்பதுதான் கடைசிப் பகுதி. அத்தோடு தொடர் முடிந்துவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் இந்தத் தெருவுக்கு இணைப்புக் கொடுத்திருந்த கேபிள்காரர் பாபு, மதிய நேரங்களில் தன் வீட்டிலிருந்தே அதை ஓட்டியிருக்கிறார். கேசட்டுகளில் எண் இல்லை. கைக்கு வந்ததைப் போட்டார். பின்னாளில் தொழிலை மூடியபோது, எல்லாவற்றையும் அதே வரிசையில் பென்டிரைவில் ஏற்றி இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு தெருவே முன்னும் பின்னுமாகப் பார்த்துவிட்டு மறந்துபோன கதையை, இவர் மட்டும் கிழிசலே தெரியாமல் தைத்து வைத்திருந்தார். அசல் கதையைவிட நன்றாகவே இருந்தது.

வீட்டுக்குப் போய் சுதாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நீ பாட்டுக்கு அங்க போய் எதையாவது உளறி வெச்சுடாதேடா. அவங்க வீட்டுக்காரர் ஆறு வருஷம் காணாமப் போயிட்டு வந்தவர்."

கடையில் எடைபோட்டுக் கொடுக்கும் ஜெயராமன்தான் அந்த வீட்டுக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலைக்குப் புறப்பட்டவர் ஒருநாள் திரும்பவில்லை. சண்டை இல்லை, தகவல் இல்லை. ஆறு வருடம் கழித்து ஒரு காலையில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, டீ கிடைக்குமா என்று கேட்டாராம். தெருவே வாசலில் கூடிவிட்டது. சாமுண்டீஸ்வரி டீ போட்டுக் கொடுத்தார். எங்கே போனாய் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

காரணத்தை மறுநாள் அவரே சொன்னார், கணவர் பக்கத்தில் நிற்கும்போதே. "போனவன் போய்ட்டான் தம்பி. அவனுக்கு நான் அழுது முடிச்சிட்டேன். இவரு வேற ஆளு. வேற ஆளாண்ட போயி நீ எங்க போனேன்னு கேட்டா நாயமா? கேப்டன் கதையில அந்த டாக்டரம்மா கேட்டுச்சா?"

ஜெயராமன் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆமா சார். அவன் ரொம்ப மோசமான ஆளு. நமக்கு அவனத் தெரியாது," என்றார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஒரு குடும்பம் மொத்தமும் பாபுவின் கேசட் பெட்டிமேல் அல்லவா நின்றுகொண்டிருக்கிறது! விமானம் ஏறும்வரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

நான் திறக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வினோத் திறந்தான். எதிர் அடுக்ககத்தில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரன், ஐடி வேலை; சாமுண்டீஸ்வரியோடு வாதாடுவதற்காகவே அரைக் கிலோ மாவு வாங்குபவன். தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு வந்தான்.

"யக்கா, ஒங்க கேப்டன் ஓடிடில வந்துட்டாரு. தமிழ்லயே. லீவு போட்டு உக்காந்து முழுசாப் பாத்துட்டேன்."

"பாத்துட்டியா? டூப்பு ஆளு எப்டி?"

நான் அவன் காலை மிதித்தேன். "என்னண்ணே, மிதிக்கிய?" என்று என்னைக் கேட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினான். "டூப்பாவது ஒண்ணாவது. ஒரே ஆளுதாங்கா. தழும்பு வாங்குறது முன்னாடி. சாவுறது கடைசி எபிசோடு, அத்தோட சோலி முடிஞ்சுது. ஒங்க பென்டிரைவுலதான் முன்னப்பின்ன ஏத்தி வச்சிருக்கானுவ."

"போடா டேய். நேத்து பாத்தவன்லாம் எனக்கு கத சொல்ல வந்துட்டான்." சிரித்தபடியே என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீ அந்தூர்ல மொதல்லேந்து பாத்தவன். இவன் வாய்மேலயே ஒண்ணு போடு."

பொய் சொல்லியிருக்கலாம். அதற்குள் என் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துபோயிற்று. கிரைண்டரை அணைத்தார்.

"அப்ப டீ கேட்டது மொதல்ல," என்றார் மெதுவாக, காற்றில் எதையோ இடம் மாற்றி வைப்பதுபோல் விரலை நகர்த்தி. "அப்பால தழும்பு. அப்பால சாவு. செத்துட்டு யாருமே வரல. புது ஆளுன்னு ஒருத்தன் இல்லவே இல்ல."

"கததானேக்கா," என்றான் வினோத். எதையோ உடைத்துவிட்டோம் என்று மட்டும் அவனுக்குப் புரிந்திருந்தது.

அவர் அவனைக் கவனிக்கவில்லை. ஜெயராமனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தராசின் மேலிருந்த பாத்திரத்தைப் பிடித்தபடி ஜெயராமனும் அவரையே பார்த்தார். அந்த நரைத்த முகத்துக்குள் சாமுண்டீஸ்வரி யாரையோ தேடுவது தெரிந்தது. கண்டுபிடித்ததும் தெரிந்தது.

மாவுக் கையோடு இரண்டு எட்டு வைத்து, பளாரென்று கன்னத்தில் ஓர் அறை விட்டார். வினோத்தின் வாளி கீழே விழுந்து உருண்டது.

"எங்கய்யா போன?" குரல் உடைந்து வந்தது. "ஆறு வருசம்! அந்த லேத்து பட்டறையில போயி நாயா நின்னேன். எங்கதான்யா போன நீ?"

ஜெயராமன் கன்னத்தில் ஐந்து விரல்களும் வெள்ளையாகப் பதிந்திருந்தன. அவர் துடைக்கவில்லை. உருண்ட வாளியை எடுத்து வினோத்திடம் கொடுத்தார். நாங்கள் இருவரும் படியிறங்கும்வரை காத்திருந்தார். பிறகு உள்ளே நின்றபடியே எட்டி ஷட்டரைப் பிடித்து, தரை தொடும்வரை கீழே இழுத்தார்.