பூசணிப் பூவில் கை வைத்த தங்கை எழுதுவது

அக்காவின் ஓராண்டு நினைவு நாளுக்கு வந்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி எழுதும்படி அக்காவின் கணவரான மாமா என்னிடம் சொன்னார். "நான் துணி தைக்கிறவ மாமா, எனக்கு இன்னா எழுத வரும்?" என்றேன். "நீ செஞ்ச வேலைய நீதாம்மா எழுதணும்" என்றார். எந்த வேலை என்று நம் சொந்தத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு இன்று நானே சொல்லிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது கல்மண்டபத்தில். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். அக்கா ஒரே பாவாடையைத் துவைத்துத் துவைத்து உடுத்தி, விலங்கியல் படித்துப் பள்ளி ஆசிரியை ஆனார்கள். சாத்தாங்காடு இரும்புக் கடையில் வேலை பார்த்த மாமாவை மணந்து திருவொற்றியூர் வந்தார்கள். நாற்பதைத் தாண்டியபின் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தார்கள். "இந்த வயசுல தேனீ பின்னாடி ஓடப் போறியா?" என்று கேட்டேன். "நான் எங்கடி ஓடப் போறேன்? அது நம்ம மாடிக்கு வருதான்னு பாக்கப் போறேன்" என்றார்கள்.

லாரித் தூசியும் புகையும் படியும் நம் பக்கத்து மொட்டை மாடிகளுக்குத் தேனீக்கள் வருகின்றனவா, அவை வந்துதான் காய் பிடிக்கிறதா என்பதுதான் ஆராய்ச்சி. மாமா கம்பியில் பந்தல் போட்டுக் கொடுத்தார். பூசணிக் கொடியின் பெண் பூக்களில் பாதிக்கு, மலரும் முன்பே வலைப் பை கட்ட வேண்டும். தேனீ நுழையாத அந்தப் பூக்கள் உதிர்ந்து, கட்டாத பூக்கள் காய்த்தால், காய்க்க வைத்தது தேனீ என்று ஆகிவிடும். கல்யாண கவுன் தைத்து மிஞ்சிய வலைத் துணியில் பைகளைத் தைத்தது நான்தான். அக்கா விளக்கியபோது ஊசியில் நூல் கோத்துக்கொண்டே உம் கொட்டினேன். பாதிதான் காதில் விழுந்தது.

பை கட்டிய பூக்கள் உதிர்ந்தன. கீழ் வீட்டு மும்தாஜ் அக்கா துணி காயப்போட வந்தவர், "இன்னாம்மா, உங்க அக்கா பூவ மூட்டை கட்டி வெச்சிக்கீறாங்க, எல்லாம் உதிர்ந்துகினு கீது. படிச்சவங்களுக்கு இப்டி ஒரு பேஜாரா? பாவம்" என்றார். எனக்கு மனசு தாங்கவில்லை. அக்கா பள்ளிக்குப் போனதும் மாடிக்கு ஏறினேன். ஆண் பூவைப் பறித்து, பையை அவிழ்த்து, பெண் பூவில் தடவிவிட்டு மறுபடியும் கட்டினேன். ஒரு மாதம் தினமும் இதே வேலை.

பைக்குள் காய் காயாகப் பிடித்தது. அக்கா துள்ளிக் குதிப்பார்கள் என்று பார்த்தால், தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டார்கள். "தேனீ வராமலே காய்க்குதுன்னா, இத்தினி வருசம் நான் இன்னாத்தப் படிச்சேன்?" இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், தன் எண்ணமே தவறு என்று வழிகாட்டிப் பேராசிரியருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்கள். அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். திட்டுவார்கள் என்று நின்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"தொட்ட காய மட்டும் தள்ளிட்டு மீதிய எழுதேன்" என்றார் மாமா. "எதைத் தொட்டா, எதைத் தொடலன்னு அவளுக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டு, நோட்டில் அந்தப் பருவம் முழுவதையும் சிவப்பு மையில் அடித்தார்கள். ஓரத்தில் காரணமும் எழுதினார்கள்: "இப்பருவத்தில் என் தங்கை தேனீயாக வேலை பார்த்தாள். சேராது." ஒரு வருடம் வீண், என்னால்.

மறுவருடம் மாடிச் சாவியை வேறு யாரிடமும் தரவில்லை, என்னிடமே தந்தார்கள். "நீதாண்டி காவல். உதிர்ந்தா பூஜ்யம்னு எழுது" என்றார்கள். பூ உதிர உதிர எழுதினேன், கை நடுங்கியது. கட்டாத பூக்களிலோ கொசு அளவே இருக்கும் கொசுத் தேனீக்கள் மொய்த்தன, காய்கள் தொங்கின. அக்காவுக்கு டாக்டர் பட்டம் வந்தது. அன்று தெருவுக்கே பூசணி சாம்பார்.

பட்டம் வந்த பிறகும் வருடாவருடம் கொடி போட்டுப் பை கட்டினோம். கடைசி நாட்களில் மருத்துவமனையிலும் கேட்டார்கள்: "பை கட்டின பூ இன்னா ஆச்சு?"

"உதிர்ந்துடுச்சுக்கா."

"கை வெக்கலியே?"

"வெக்கல."

"சமத்து" என்று கன்னத்தைத் தட்டினார்கள். அது எனக்குப் போதும்.

இரவு பகல் பாராமல் கவனித்த செவிலியர்களுக்கும், கஞ்சி கொண்டுவந்த மும்தாஜ் அக்காவுக்கும், ஆட்டோ எடுத்துக்கொண்டு ஓடிவந்த இரும்புக் கடை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

இந்த மலரோடு ஒரு வலைப் பையும், அதற்குள் நான்கு விதைகளும் இருக்கும். தேனீ காய்க்க வைத்த பூசணியின் விதைகள். உங்கள் மாடியில் போடுங்கள். பூத்தால் தயவுசெய்து கை வைக்காதீர்கள். காய்த்ததா என்று எனக்குச் சொல்லுங்கள், அக்காவின் நோட்டில் இன்னும் பக்கங்கள் இருக்கின்றன. காய்க்காவிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். பூஜ்யம் எழுத இப்போதெல்லாம் எனக்குக் கை நடுங்குவதில்லை.