ஆறு பாலைத் தூண்கள்

சீவரெத்தினம் அண்ணன் இறந்த செய்தி சென்ற செவ்வாய்க்கிழமை முற்பகல் வந்தது. வவுணதீவிலிருந்து அவருடைய தங்கை அழைத்தார். "அண்ணன் போயிட்டார், மிஸ். விடிய எழும்பல்ல." அப்போது தராசில் ஒரு மரத்துண்டை நிறுத்துக்கொண்டிருந்தேன். நிறுத்து முடித்துக் குறித்துவைத்த பிறகே எழுந்தேன். அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

எங்கள் பரிசோதனைக்கூடத்தில் பதினாறு ஆண்டுகள் மர மாதிரிகளை அறுத்துத் தந்தவர் அவர். அதற்கு முன் கடலோர வாகரையில் தச்சர். நான் சேர்ந்த புதிதில், பாலை மரம் என்று யாரோ கொண்டுவந்த துண்டை வாளித் தண்ணீரில் போட்டார். தாழ்ந்தது. "பாலைதான் மிஸ்." பச்சையாக இருந்தால் வேறு மரங்களும் தாழும் என்றேன். "அப்ப காயவச்சுக் கேப்பம்." காய்ந்த பிறகும் தாழ்ந்தது. "தண்ணி சொன்னதையே சொல்லுது. இனி உங்கட கண்ணாடியக் கேளுங்க" என்று நுணுக்குக்காட்டியைக் காட்டிச் சிரித்தார்.

பாலையில் ஆணி வளையும். துளையிட்டுத்தான் இறக்க வேண்டும். கறையான் எளிதில் அண்டாது. நட்ட தூண் பல காலம் உக்காது. "வாள்தான் தேயும்" என்பார்.

கரையோரக் கிராமங்களுக்காக வீடு கட்டுவது பற்றி ஒரு சிறுநூல் எழுதி, அச்சுக்கு முன் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். 'பாலைத் தூண் நட்ட வீடு பாதுகாப்பானது' என்ற வரியின் மேல் அவர் பென்சிலால் கோடு இழுத்திருந்தார்.

"இத எடுங்க மிஸ்."

"ஏன்? நீங்களே சொன்னதுதானே?" என் குரலில் எரிச்சல் இருந்தது.

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "வாகரை வீட்டுக்கு ஆறு தூணும் நான் நட்டது. சூறாவளி வந்தா வெளிய ஓடாத, தூணப் பிடிச்சுக்கொண்டு நில், இது அசையாது எண்டு பொஞ்சாதிக்கிட்ட சொல்லி வச்சிருந்தன். சுனாமி எண்டு கடல் வந்த அண்டைக்கு நான் டவுணில. அயல் சனம் ஓடக்குள்ள, 'வா புள்ள' எண்டு கூப்பிட்டிருக்காங்க. 'இவர் நிக்கச் சொன்னவர்' எண்டிருக்கா."

பென்சிலை மேசையில் வைத்தார்.

"ஆறு தூணும் நிண்டிச்சு மிஸ்."

வரியை எடுத்தேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "தூண் நிக்கும், நீங்க நிக்காதீங்க எண்டு போடுங்க." அப்படியே அச்சானது.

அடக்கத்தன்று, மனைவியிடம் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பெட்டி ஏதோ லேசான மரம். பாலை வேண்டாம் என்று அவரே சொல்லி வைத்திருந்தாராம். வாகரைத் தூண்களைப் பிடுங்க மட்டும் யாரையும் விடவில்லையாம்.

கோடு இழுத்த அந்தத் தாள் என் மேசை லாச்சியில் இருக்கிறது. கோட்டின் கீழே என் வரி இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அதை நான் அழிக்கவில்லை.