பின்னூட்டத்தில் போட்ட இணைப்பு

நான் இலங்கை மலையகத்தின் ஹட்டனில் இன்டர்நெட் கடை வைத்திருந்தபோது, தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருவர் ஞாயிறுதோறும் வருவார். நரைத்த மீசை, கழுத்துவரை பொத்தான் போட்ட ஸ்வெட்டர். குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போன மகளிடமிருந்து பேச்சே நின்றுபோயிருந்தது. அவளைத் தேடி, அவள் படத்தோடு ஒரு வலைப்பக்கம் வைத்திருந்தார். குவைத்தில் வாழும் தமிழர்களின் வலைப்பூக்களைத் தேடி, பின்னூட்டத்தில் அதன் இணைப்பை ஒற்றை விரலால் தட்டிப் போடுவார். அப்படிச் செய்தால் தேடலில் மகளின் பக்கம் முதலில் வருமென்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"அண்ணே, பின்னூட்டத்துல போடுற லிங்க தேடுற மெஷின் கணக்குல எடுக்காதுங்க" என்றேன்.

"மெஷின் எடுக்காட்டி போகட்டுங்க தம்பி. எழுதுனவங்க படிப்பாங்கல்ல?"

ஒரேயொருவர் படித்திருந்தார். சமையல் குறிப்பு எழுதும் நர்ஸ் ஒருவர். அந்தப் பெண் தங்கள் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று பதில் போட்டிருந்தார்.

பெரியவர் அழவில்லை. அதன் கீழேயே தட்டினார்: "கடைசியில நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

அடுத்த ஞாயிறு பதில் இருந்தது. "இருந்தேன் அண்ணா. அப்பா வந்துட்டாரான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

படித்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இத யாரும் அழிச்சிட மாட்டாங்கல்ல தம்பி?"

அதன் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. நர்ஸின் அந்தப் பக்கத்தை, பதில் அழியாமல் இருக்கிறதா என்று நான்தான் அவ்வப்போது திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.